முழங்கைக்கு நாலு விரல் கீழே

1

“மேடை யாரு உயரத்துக்கு எடுக்கணும், பாப்பா?”

எங்கள் சமையலறையை இடித்துக் கட்ட வந்த மேஸ்திரி என்னிடம் இப்படிக் கேட்டார். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. பதில் ஒரே ஒரு சொல்தான். “அம்மா.” பேச்சு வராத பிள்ளைக்குக்கூட முதலில் வருகிற சொல். எனக்கு வரவில்லை. வாயில் வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்.

வாசிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது பாதித் தாள் வெறுமையாக மிஞ்சிய அறிவியல் நோட்டு ஒன்று இருக்கிறது. அதில், இலையின் குறுக்குவெட்டுப் படத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து இது ஆரம்பிக்கிறது. திருத்தி வேறு தாளில் எழுதப் போவதில்லை. அடித்தது அடித்தபடியே இருக்கும்.

இதற்கு முன் இரண்டு தொடக்கம் எழுதினேன்.

காலை வெயில் அந்தப் பழைய சமையலறையின் பித்தளைக் கொக்கிகளில் பட்டுத் தங்கமாய்— (வேண்டாம். அந்தக் கொக்கிகளில் இருந்தது எண்ணெய்ப் பிசுக்கு.)

ஒரு வீட்டில் ஓர் அம்மா இருந்தாள், அவள் ரொம்பக் குள்ள— (இந்தச் சொல்லின் பாதியிலேயே பேனாவை எடுத்துவிட்டேன். ஏன் என்பது வரும்.)

கேள்வியில் தொடங்குவது வசதி. பதில் சொல்லாமல் கொஞ்ச தூரம் போகலாம்.

2

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சமையலறை வாசலில் நின்று, “ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!” என்றாள். நானும் அம்மாவும் திரும்பிப் பார்த்தோம், எங்களுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று.

கம்பிவலைக் கதவு போட்ட மர அலமாரி. பூப்போட்ட பழைய தரைக்கல். கொக்கி வரிசை. கறுத்துப்போன மேடை. எங்களுக்கு அவையெல்லாம் துடைக்க வேண்டியவை. அவளுக்கு அழகு. பழசின் அழகு அதைத் துடைக்காதவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. (இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே இதன்மேல் சந்தேகம். நாலாவது பகுதியில் விசாரிக்கலாம்.)

அண்ணன் வெளியூர் வேலையில். அண்ணி இங்கே ஓர் அலுவலகத்தில். சிங்க்கின் குழாய் ஒழுகி ஒழுகி அடியில் சுவர் ஊறி உதிர ஆரம்பித்ததும், “ஒரேயடியா செஞ்சிடலாம்ப்பா” என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். ஒருநாள் சாப்பிடும்போது எல்லோருக்கும் செல்போனில் படம் காட்டினாள்.

“வசதியும் வேணும், பழைய களையும் போகக்கூடாது. அலமாரி இருக்கட்டும், உள்ளே மட்டும் புதுத் தட்டு. தரைக்குப் பாலிஷ். கொக்கி அப்படியே. மேடையும் சிங்க்கும் மட்டும் புதுசு. நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“எனக்கென்ன, கை எட்டினா போதும்” என்றாள் அம்மா.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “இப்ப உனக்கு எது எட்டாம கெடக்கு?” என்றார்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

நீங்கள் அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போகக்கூடாது. இந்தக் கதையில் அம்மா தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான். கை எட்டுகிற மேடை.

\* அடியில் எழுத வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன், நோட்டில் அடியில் இடமில்லை. அப்பா வீட்டு ஆட்கள் எல்லோரும் பனைமரம். அந்தப் பழைய மேடை கட்டியபோது வீட்டில் சமைத்தது அப்பாவின் அக்கா, என் அத்தை. அவள் உயரத்துக்குக் கட்டினார்கள். பிறகு அம்மா கல்யாணமாகி வந்தாள். முதல் நாள் மேடை முன்னால் போய் நின்றால், கல் அவள் நெஞ்சுக்கு வருகிறது. அத்தை கலகலவென்று சிரித்து, “மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்தோம், மேடைக்குப் பாக்காம விட்டுட்டோமே!” என்றாளாம். கூடம் முழுக்கச் சிரிப்பு. அத்தை கெட்டவள் இல்லை. மறு நிமிஷம் மறந்திருப்பாள். அம்மா மறக்கவில்லை.

எங்கிருந்தோ ஒரு தடித்த மரப்பலகை தேடிக்கொண்டாள். அதன்மேல் ஏறி நின்றுதான் இத்தனை வருஷமும் சமைத்தாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் இறங்கி, காலாலேயே பலகையை மேடைக்கு அடியில் தள்ளிவிடுவாள். பார்க்கிறவருக்கு அம்மா சும்மா நின்றுகொண்டிருப்பதுபோலத்தான் இருக்கும். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சமையலறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் இரும வேண்டும். நான் பார்த்த முதல் உத்தியோகம் அது. “இந்தப் புள்ளைக்கு ஓயாம இருமலா இருக்கே” என்று அப்பா மருந்து வாங்கி வந்தார். குடித்தேன்.

3

அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். பழைய மேடையை உடைத்து அள்ளியாகிவிட்டது. சுவரில் அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தடம், இறுக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்த்தால் இடுப்பில் இருக்குமே, அப்படி.

மேஸ்திரி டேப்பை இடுப்பில் செருகியிருப்பார், மேடைக்கு மட்டும் அதை எடுக்க மாட்டார். சமைக்கிற ஆளைச் சுவரோரம் நிற்க வைப்பார். கையை மடக்கச் சொல்வார். முழங்கைக்கு நாலு விரல் கீழே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் கல் உட்காரும்.

“மேடை யாரு உயரத்துக்கு எடுக்கணும், பாப்பா?”

நான் பேசவில்லை. எனக்கு யாராவது கேள்வி கேட்டால் தொண்டையில் கதவு விழுந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில், பள்ளியைப் பார்வையிட வந்தவர் என்னை எழுப்பி என் பெயரைக் கேட்டார். அதுகூட வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். வகுப்பு சிரித்தது. அந்த வாரத்துக்குப் பிறகு நான் போகவில்லை. தெருவில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அதையாவது நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

“யாரும்மா சமைப்பாங்க? வரும்போதெல்லாம் நீதான் வீட்ல இருக்க. நீதானா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அப்ப வா, இப்படி வந்து நில்லு.”

போய் நின்றேன். கையை மடக்கச் சொன்னார். மடக்கினேன். கோடு போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார். “அட! பழைய தடத்துலயே வந்து விழுது பாரு!”

நான் அத்தையை உரித்து வைத்தவள். உயரம், தோள், முழங்கை எல்லாம்.

சாயங்காலம் அண்ணி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். “பழைய அளவு ஒரு நூல்கூட மாறல! இதைத்தான் நான் கேட்டேன்!”

இந்தப் பகுதியை எழுதி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. கூச்சமுள்ள ஒரு பெண், அவசரக்கார மேஸ்திரி, ஒரு தவறு. யார்மேலும் குற்றமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

(இதை ஐந்தாம் பகுதியில் அடிக்கப் போகிறேன்.)

4

அண்ணியை நான் சரியாக எழுதவில்லை.

கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டும் என்று கை தானாக அவள் பக்கம் போகிறது. படித்தவள், சம்பாதிக்கிறவள், பளிச்சென்று பேசுகிறவள். எழுத எளிது. உண்மையில், அந்தக் கம்பிவலை அலமாரியை வெளியே தூக்கிப்போட்டு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது அவள்தான். நகம் இரண்டு உடைந்தது. விரலில் சிராய் ஏறி வீங்கியது. துடைக்காதவர்களுக்குத்தான் அழகு தெரியும் என்று எழுதினேனே, அந்த வாக்கியம் பொய். அழகாக இருந்ததால் விட்டு வைத்திருக்கிறேன். எனக்கும் பழைய களைமேல் ஆசை இருக்கிறது போலும்.

பலகை விஷயமும் அப்படித்தான். மேடை உடைத்த குப்பையில் அது கிடந்தது. அண்ணி எடுத்துத் தட்டித் தூசு ஊதினாள்.

“பாப்பா, இதைப் பாரேன். என்ன மரம் இது! நடுவுல ரெண்டு எடம் மட்டும் எப்படித் தேஞ்சிருக்கு! இந்தத் தேய்மானத்தை இப்போ காசு குடுத்தாலும் செய்ய முடியாது.”

அம்மா பக்கத்திலேயே நின்று பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வச்சிருந்தீங்கம்மா இதை?”

“சும்மா கெடந்துச்சு” என்றாள் அம்மா.

“சும்மாவா! வார்னிஷ் அடிச்சு செவுத்துல மாட்டிடலாம். மசாலா டப்பா வைக்க.”

“மாட்டு, மாட்டு.”

இரண்டு இரும்புத் தாங்கி, நாலு திருகாணி. பலகை சுவரில் ஏறிவிட்டது. அதன்மேல் ஒரே மாதிரிக் கண்ணாடி டப்பாக்கள். பார்க்க நிஜமாகவே அழகு. அதிலிருந்து ஒரு டப்பா எடுக்க வேண்டுமென்றால் அம்மாவுக்கு ஒரு பலகை வேண்டும்.

(இங்கே நான் சிரித்துவிட்டேன். எழுதும்போது. சிரித்ததையும் எழுதிவிடுகிறேன்.)

5

மூன்றாம் பகுதியை அடித்துவிடுங்கள். கோடு, மேஸ்திரி, கேள்வி எல்லாம் உண்மை. தொண்டையில் கதவு விழுந்தது என்பது மட்டும் பொய்.

அன்று விழவில்லை. “அம்மா” என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மேஸ்திரி என்னோடு பேசுவதில் எனக்குப் பயமில்லை. அவரும் என்னைப்போல முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறவர். சொல்லியிருக்கலாம். “நீதானா?” என்று அவர் கேட்டதும் நான்தான் அதை விழுங்கினேன்.

பள்ளிச் சீருடைக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் அளந்ததில்லை.

அவ்வளவுதான் காரணம். எழுதிவிட்டுப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது. இந்த வீட்டில் என் அளவுக்கு ஒரு பொருள் கிடையாது. உடுப்பு அண்ணியுடையது, விளிம்பு இறக்கித் தைத்தது. செருப்பு அப்பாவுடையது. கட்டில் அண்ணன் விட்டுப்போனது. இப்போது ஒரு பெரிய மனிதர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, என் முழங்கை எங்கே இருக்கிறது என்று கவனமாகப் பார்க்கிறார். அங்கேதான் கருங்கல் உட்காரப் போகிறது. யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நான் எப்போதும் கூன் போட்டு நடக்கிறவள். நெட்டை என்பதால் பழகிவிட்டது. அன்று சுவரோடு சுவராக நிமிர்ந்து நின்றேன். குனிந்து நின்றிருந்தாலாவது கோடு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கூச்ச சுபாவம் என்று ஊர் சொல்கிறது. அதைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு அதற்குள் நான் என்னென்ன செய்கிறேன் என்று ஊருக்குத் தெரியாது.

6

கல்லைத் தாங்கும் செங்கல் கால்கள் எழும்பின. “காயட்டும், கல்லோட வர்றேன்” என்று மேஸ்திரி போய்விட்டார். அதுவரை கூடத்தின் மூலையில் அடுப்பு. பாத்திர அடுக்குக்குப் பின்னால் நான், இந்த நோட்டு.

அம்மா விளக்கேற்றும் நேரத்துக்கு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். அவள் செங்கல் காலின் பக்கத்தில் நின்றாள். முதலில் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். பிறகு, யாரும் பார்க்காதபோது கண்ணாடி பார்க்கிறவளைப்போல, சட்டென்று கையை மடக்கினாள். முழங்கை செங்கல்லுக்குக் கீழே இருந்தது. இன்னும் இதன்மேல் கல்லின் கனம் வேறு வரும்.

“யாரு அளவு குடுத்தது?”

நான் செங்கல்லைப் பார்த்தேன்.

“உன்னையா நிக்க வச்சாரு?”

தலையாட்டினேன்.

என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாலு திட்டு வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பேன்.

“அப்ப சரி” என்றாள். “இனிமே நீதான நிக்கப்போற.”

ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்குப் பெயர் பதிகிற காலம் வந்தால், “வீட்லேர்ந்தே படிச்சு எழுதலாமாம்டி, பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க” என்று அம்மா நச்சரிப்பாள். நான் காதில் வாங்க மாட்டேன். அன்றைக்கு அந்தப் பேச்சு நின்றது. நான் சுவரில் கோடு கொடுத்ததை அவள் வேறு மாதிரி படித்துவிட்டாள். மகள் தன் இடத்தைத் தேர்ந்துகொண்டாள் என்று.

“இல்லம்மா” என்று சொல்லியிருக்க— 

(முடிக்கவில்லை.)

7

நாளைக் காலை கல் வருகிறது. உட்கார்ந்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது. இன்று என்னால் ஆனது, முடிவுகளை எழுதிப் பார்ப்பது.

அ. எல்லோரும் இருக்கிறார்கள். நான் முன்னால் வந்து, “மேஸ்திரி, ரெண்டு வரிசை செங்கலை எடுத்துடுங்க. சமைக்கிறது எங்கம்மா. அவங்க உயரத்துக்கு இருக்கட்டும்” என்கிறேன். அப்பா, “அட, இது பேசுமா!” என்கிறார். அண்ணி என் தோளைத் தொடுகிறாள். அம்மா கண்ணைத் துடைக்கிறாள். (எழுத்து சுத்தமாக வந்தது, ஓர் அடித்தல் இல்லை. ஆனால் அதில் பேசுகிற பெண்ணை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை.)

ஆ. அத்தை ஊரிலிருந்து வருகிறாள். மேடையைப் பார்த்ததும் பழைய கேலி ஞாபகம் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு— (அத்தையாவது! இன்னொரு கேலி சொல்லிவிட்டு உப்பு குறைவு என்பாள்.)

இ. நீங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். “இந்த மேடை உயரம் சரியில்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் யாரென்று கேட்டால் சொல்ல வேண்டாம். நான் பின்னால் நின்று தலையாட்டுகிறேன். (மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். வெட்கமாக இருக்கிறது.)

மூன்றிலும் ஒரு குறை இருப்பது இப்போதுதான் உறைக்கிறது. “அம்மா உயரத்துக்கு” என்று யார் சொன்னாலும், அடுத்த கேள்வி “இத்தனை நாள் எப்படிச் சமைச்ச?” என்பதாகத்தான் இருக்கும். அம்மா காலால் தள்ளித் தள்ளி மறைத்ததை நடுக்கூடத்தில் எடுத்து வைக்காமல் அவளுக்கு மேடை வாங்கித் தர வழியில்லை.

8

இது கல் வந்த பிறகு எழுதுவது.

கல் இன்னும் உட்காரவில்லை. வாசல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. மேஸ்திரி படியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அண்ணி அலுவலகத்துக்குப் போகவில்லை. அப்பா கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்க்கிறார். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் முடித்துக்கொள்ள வேண்டும். செங்கல்லை இறக்குவதா, இப்படியே கல்லை ஏற்றுவதா, அம்மாவை யார் போய்க் கூப்பிடுவது. நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

காலையில் கல் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று போன் வந்ததும் அப்பாவும் அண்ணியும் வாசலுக்குப் போனார்கள். நான் சமையலறைக்குள் போனேன். கண்ணாடி டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தேன். திருகாணிகளைக் கரண்டிக் காம்பால் கழற்றினேன். பலகையை எடுத்துச் செங்கல் கால்களுக்கு முன்னால், பழைய இடத்தில், போட்டேன். போட்டுவிட்டு சமையலறை வாசல்படியில் போய் உட்கார்ந்தேன், சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில்.

துடைப்பத்தோடு வந்த அம்மா பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எதுக்குடி இதைக் கழட்டுன? அண்ணி தேடப்போறா” என்றாள். ஆனால் அதைத் தூக்கவில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஏறினாள். கல் ஏறுவதற்கு முன் ஒரு தரம் நின்று பார்த்துவிடலாம் என்று நினைத்தாளோ, கால் தானாக ஏறியதோ. புது வார்னிஷின் பளபளப்புக்கு நடுவே தேய்ந்த அந்த இரண்டு பள்ளங்களில் அவள் பாதம் இரண்டும் போய் உட்கார்ந்தன. கையை மடக்கினாள். இல்லாத காயை இல்லாத கத்தியால் நறுக்குவதுபோல மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவின் இருமல்கூட இல்லை, வெறும் செருப்பு. அம்மாவின் முதுகு எனக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேவையில்லை, நான் இருக்கிறேனே.

நான் இருமவில்லை.

என் வாழ்க்கையில் எத்தனையோ முறை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். தெரிந்தே மூடியது இது இரண்டாவது முறை.

மேஸ்திரிதான் முதலில் உள்ளே வந்தார். அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். “அட, அம்மாவுக்கும் அளவு எடுத்தாப்புல இருக்கே!” என்று சந்தோஷமாக ஆரம்பித்தவர், கீழே பார்த்தார். பின்னால் வந்த அண்ணி பார்த்தாள். பலகையை, பள்ளத்தை, அதில் இருந்த பாதத்தை. அவள் கை வாய்க்குப் போனது. அப்பா கடைசியாக வந்தார். “என்ன எல்லாரும் நிக்கிறீங்க?” என்றார். பிறகு அவரும் அம்மாவின் காலைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு வராத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, இவ்வளவு நாளும்…” என்று அண்ணி கேட்க வந்தாள்.

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். “எறங்கி இப்படிச் செவுத்தோரம் வந்து நில்லுங்கம்மா. ஒரு நிமிஷம்.”

அம்மா இறங்கினாள். வலது கால் பலகையின் விளிம்பில் தயங்கியது, தள்ளுவதற்கு. தள்ளவில்லை. அவள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, வாசல்படியில் இருந்த என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் எழுதிய சொற்களையெல்லாம் அடித்துவிட்டேன். மேஸ்திரி பென்சிலோடு காத்திருந்தார். அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். என் தோளில் படாமல் ஒதுங்கி, படியைத் தாண்டி, பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.